ராடு பிரேக், கியர், பிள்ளை சைக்கிள்: மூணுக்கும் ஒரே எண்ணெய், ஒரே கவனிப்பு போதுமா?

உப்புக்காத்து:

எல்லாருக்கும் வணக்கம். தூத்துக்குடியில் கடலுக்குக் கிட்டத்தில் வீடு. மூன்று சைக்கிள் இருக்கின்றன. மழைக்காலத்துக்கு முன் மூன்றையும் சரிபண்ண வேண்டும். எது வீட்டிலேயே முடியும், எதைக் கடைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொன்னால் நல்லது.

1. 22 அங்குல ஃபிரேம் உள்ள ராடு பிரேக் சைக்கிள் (வயருக்குப் பதில் இரும்புத் தண்டால் இழுக்கும் பிரேக்), பழையது. மிதிக்கும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை ‘டக்’ என்கிறது. பின்சக்கரம் லேசாக ஆடுகிறது. முன் டயரில் இரண்டு நாளைக்கு மேல் காற்று நிற்பதில்லை, ஆனால் டியூபைத் தண்ணீரில் முக்கினால் குமிழி வரவில்லை.

2. 26 அங்குல கியர் சைக்கிள், 21 கியர், கம்பி வைத்த டிஸ்க் பிரேக். துருப்பிடிக்காமல் இருக்க மொத்த வண்டிக்கும் எண்ணெய் ஸ்பிரே அடித்தோம். அதிலிருந்து பிரேக் கத்துகிறது, பிடிக்கவும் மாட்டேன் என்கிறது. மேட்டில் அழுத்தி மிதித்தால் செயின் தாவுகிறது.

3. 20 அங்குல பிள்ளை சைக்கிள். பின்பக்கம் திரும்பத் திரும்பப் பஞ்சர்.

எண்ணெயைப் பற்றி ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கடையில் பழைய இன்ஜின் ஆயில் விடுகிறார்கள், வீட்டில் பெரியவர்கள் தேங்காய் எண்ணெய் போதும் என்கிறார்கள். எது சரி?

கப்கோன்:

முதல் வண்டிக்கு நான் சொல்கிறேன். டிஸ்க், கியர் விஷயத்தை அதில் ஊறியவர்கள் யாராவது சொல்லட்டும். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராடு பிரேக் வண்டியில் ரிம்மில் படாத வரை எண்ணெய் கொஞ்சம் கூடினாலும் பெரிதாக ஒன்றும் கெடாது. அந்தப் பழக்கத்தை டிஸ்க் வண்டிக்குக் கொண்டுபோனதுதான் உங்கள் இரண்டாவது பிரச்சினை.

சுற்றுக்கு ஒரு ‘டக்’ என்றால் சந்தேகப்பட வேண்டிய இடம் மூன்று: பெடல், காட்டர் பின் (கிராங்கை, அதாவது பெடல் கையை, அச்சோடு பூட்டும் ஆப்பு), பிபி அச்சு (இரண்டு கிராங்கையும் இணைத்து ஃபிரேமுக்குள் சுற்றும் அச்சு). கழற்றுவதற்கு முன் பார்த்துவிடலாம். கிராங்க் இரண்டையும் தரைக்குச் சமமாக நிறுத்தி, ஒருவரைப் பின் பிரேக்கைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். முன்னால் இருக்கும் பெடலைக் கையால் அழுத்துங்கள். பிறகு அரைச்சுற்று சுற்றி, அதே பெடலைப் பின்பக்கம் வைத்து மறுபடி அழுத்துங்கள். அச்சு அசையாமல் கிராங்க் மட்டும் ஒரு நூல் இறங்கினால் காட்டர் பின் தேய்ந்துவிட்டது. இரண்டு கிராங்கும் சேர்ந்து பக்கவாட்டில் ஆடினால் பிபி பால்ஸ் (இரும்புக் குண்டுகள்) அல்லது அவை ஓடும் கப். பெடல் மட்டும் ஆடினால் பெடலோடு போயிற்று. பழைய வண்டியில் பெரும்பாலும் இடது பக்கக் காட்டர் பின்னாகத்தான் இருக்கும்.

காட்டர் பின் மாற்றும்போது நடக்கும் தவறுகள்தான் வண்டியைக் கெடுக்கின்றன, அதனால் விரிவாகச் சொல்கிறேன். முந்தின நாள் ராத்திரியே பின்னின் இரண்டு முனையிலும் துருவை இளக்கும் எண்ணெய் விட்டுவிடுங்கள். மறுநாள் நட்டைக் கழற்றி வாஷரை எடுத்துவிட்டு, நட்டை மட்டும் திரும்பப் போடுங்கள். நட்டின் மேல்முகமும் மரையின் நுனியும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். அப்போது அடி மரையில் மட்டும் விழாமல் நட்டிலும் பரவும், மரை நசுங்காது. அடுத்து கிராங்குக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். பின்னின் தலை உள்ளே இறங்கும் அளவு ஓட்டையுள்ள இரும்புக் குழாயைத் தரையிலிருந்து கிராங்க் வரை நேராக நிறுத்துங்கள். முட்டு இல்லாமல் அடித்தால் அந்த அதிர்ச்சி முழுக்க பிபி கப்புக்குள் இருக்கும் பால்ஸுக்குப் போய், கப்பில் குழி விழுந்துவிடும். காட்டர் பின்னுக்காகப் போன வண்டி கப்பும் கெட்டுத் திரும்பி வரும். கனமான சுத்தியலால் ஓங்கி ஒரே அடி. சின்னச் சுத்தியலால் நாற்பது முறை தட்டினால் பின் நுனி பூப்பூவாக விரிந்துகொள்ளும், அப்புறம் டிரில் போட்டுத்தான் எடுக்க முடியும்.

புதுப் பின் வாங்கப் போகும்போது பழையதைக் கையில் கொண்டுபோங்கள். பெரும்பாலான வண்டிக்கு 9.5 மி.மீ. தடிமன், ஆனால் சீவிய முகத்தின் சாய்வு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். போட்டுப் பார்த்து மரை போதுமான அளவு வெளியே வரவில்லை என்றால் அந்தத் தட்டை முகத்தை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக, சாய்வு மாறாமல் சீவுங்கள். போடும் திசை முக்கியம். இடது கிராங்க் மேலே இருக்கும்போது நட்டு பின்பக்கம் பார்த்தால், வலது கிராங்க் மேலே வரும்போது அதன் நட்டும் பின்பக்கம்தான் பார்க்க வேண்டும். ஒன்றைத் திருப்பிப் போட்டால் இரண்டு பெடலும் நேர்கோட்டில் நிற்காது.

நட்டை முறுக்கிப் பின்னை உள்ளே இழுக்கப் பார்க்காதீர்கள், மரை வழுக்கிவிடும். முட்டுக் கொடுத்துத் தலையில் அடித்து இறக்கிவிட்டுத்தான் நட்டு. 20, 30 கி.மீ. ஓட்டியபின் மறுபடி ஒரு அடி, ஒரு முறுக்கு. புதுப் பின் முதலில் கொஞ்சம் நசுங்கி இடம் பிடிக்கும், அதை விட்டுவிட்டால் மறுபடி ‘டக்’ வரும்.

பின்சக்கர ஆட்டம்: சக்கரத்தைத் தூக்கி ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள். ஆட்டம் இருந்தால் கோன் (பால்ஸை அணைத்துப் பிடிக்கும் கூம்பு நட்டு) தளர்ந்திருக்கிறது, இல்லை பால்ஸ் தேய்ந்திருக்கிறது. வெறும் கோனை முறுக்கி ஆட்டத்தை நிறுத்துவது ஒரு மாதத்துக்குத்தான் வரும். வண்டி பழையது என்கிறீர்கள், முழுக்கக் கழற்றி ஓவராயில் பண்ணிவிடுவது நல்லது. பொதுவாகப் பின் ஹப்பில் (சக்கரத்தின் நடுக்குடத்தில்) பக்கத்துக்கு 9 வீதம் கால் அங்குல பால்ஸ். முன் ஹப்பில் பக்கத்துக்கு 10 வீதம் 3/16 அங்குலம். பிபியில் பக்கத்துக்கு 11 வீதம் கால் அங்குலம். எண்ணிக்கை மறந்துபோனால், கப் நிறைய அடுக்கி ஒரு பாலுக்குக் கொஞ்சம் குறைவாக இடம் மிஞ்ச வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடமே இல்லாமல் நெருக்கி அடைத்தால் ஒன்றோடொன்று உரசித் தின்னும்.

பால்ஸை மாற்றினால் மொத்தமாக மாற்றுங்கள். தேய்ந்த பழசுகளோடு புதுசு நாலைக் கலந்தால் பாரம் முழுக்கப் புதுசின் மேலேயே விழும். அது கோனைக் குழி பறித்துவிடும். கோனின் ஓடுபாதையை நகத்தால் தடவிப் பாருங்கள், நகம் மாட்டினால் கோனும் மாற்ற வேண்டியதுதான். கிரீஸ் என்றால் லாரி, பைக் வீல் பேரிங்குக்குப் போடும் லித்தியம் கிரீஸே போதும், சைக்கிளுக்கென்று தனியாக வேண்டாம்.

கோன் முறுக்கும் பதம்: ஆட்டம் துளியும் இருக்கக் கூடாது, அதே சமயம் சக்கரத்தைத் தூக்கி விட்டால் வால்வு இருக்கும் பக்கம் தானாகக் கீழே வந்து நிற்க வேண்டும். அப்படி வராமல் நின்ற இடத்திலேயே நின்றால் இறுக்கம் அதிகம். லாக் நட்டை முறுக்கும்போது கோனும் கூடச் சேர்ந்து சுற்றும். அதனால் கோனை மெல்லிய ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு நட்டை முறுக்குங்கள்.

பிபியைக் கழற்றினால் ஒரு எச்சரிக்கை. செயின் பக்கத்து கப்புக்கு இடது மரை, வலமாகச் சுற்றினால்தான் கழலும். பெரும்பாலும் அதைக் கழற்றத் தேவையே இல்லை. இடது கப்பை எடுத்தாலே எல்லாம் வெளியே வந்துவிடும், வலதைத் துணி விட்டுத் துடைத்தால் போதும். பெடலுக்கு இதற்கு நேர்மாறு. இடது பெடலுக்குத்தான் இடது மரை. இந்தக் குழப்பத்தில் கிராங்க் மரையைப் பிய்த்தவர்கள் நிறைய.

முன் டயர் காற்று: டியூபில் குமிழி வரவில்லை என்றால் வால்டியூப்தான் (வால்வின் மேல் ஏற்றும் சின்ன ரப்பர் குழாய்). வால்வைக் கழற்றிப் பாருங்கள். ரப்பர் வெயிலில் காய்ந்து வெடித்திருக்கும், அல்லது பக்கவாட்டு ஓட்டையை முழுக்க மூடாமல் மேலே சுருண்டிருக்கும். புதுசைத் தண்ணீரில் நனைத்து, வால்வின் தோள்பட்டை வரை ஏற்றுங்கள். காற்றடித்தபின் வால்வு வாயில் ஒரு சொட்டு எச்சில் வைத்துப் பாருங்கள், அது உப்பினால் இன்னும் கசிகிறது.

பிரேக் கட்டையில் ஒன்று மட்டும் கவனியுங்கள். கட்டை உட்காரும் இரும்புக் கூட்டின் ஒரு முனை திறந்தும் ஒரு முனை மூடியும் இருக்கும். சக்கரம் கட்டையை எந்தப் பக்கம் இழுக்குமோ அந்தப் பக்கம் மூடிய முனை இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் பிரேக் பிடித்த மாத்திரத்தில் கட்டை உருவிக்கொண்டு ஓடிவிடும்.

ஏழாம் கியர்:

கியர் வண்டிக்கு வருகிறேன்.

டிஸ்க்: ஸ்பிரே அடித்ததில் எண்ணெய் ரோட்டரிலும் (சக்கரத்தோடு சுற்றும் தட்டு) பேடிலும் (அதைப் பிடிக்கும் கட்டை) இறங்கிவிட்டது. ரோட்டரைக் காப்பாற்றலாம். ஐசோப்ரோபைல் ஆல்கஹால் மருந்துக்கடையில் கிடைக்கும். அதைச் சுத்தமான வெள்ளைத் துணியில் நனைத்து இரண்டு முகத்தையும் துடையுங்கள், துணியில் கறுப்பு வருவது நிற்கும்வரை துணியை மாற்றி மாற்றித் துடையுங்கள். சானிட்டைசர் வேண்டாம், அதில் கிளிசரின் இருக்கும், மறுபடி படலம் படியும். பேட் வேறு கதை. ரெசின் பேடில் நுண்துளை உண்டு, எண்ணெயை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். லேசாகப் பட்டிருந்தால் உப்புத்தாளைத் தட்டையான இடத்தில் விரித்து மேற்பரப்பைத் தேய்த்து எடுத்துப் பார்க்கலாம். மொத்தமாக ஸ்பிரே அடித்ததென்றால் அது பிழைக்காது, புதுசு வாங்குங்கள். அடுப்பில் சுட்டு எண்ணெயை எரிப்பது என்று இணையத்தில் சொல்வார்கள், அதை நம்பிப் பிரேக்கை ஒப்படைக்க எனக்கு மனசு வராது.

புதுப் பேட் வாங்கும்போதும் பழையதைக் கொண்டுபோங்கள், வடிவம் பல. போட்டபின், காலிப்பரைப் (பேட் உட்காரும் கூட்டை) பிடிக்கும் இரண்டு போல்ட்டையும் தளர்த்தி, பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள், காலிப்பர் தானாக நடுவில் வந்து நிற்கும். கம்பி டிஸ்க்கில் பெரும்பாலும் வெளிப்பக்கப் பேட் மட்டும்தான் நகரும், உள்பக்கப் பேட் அசையாது. அதனால் உள்பேடை அதன் திருகால் ரோட்டரை உரசும்வரை கொண்டுவந்து, உரசல் நிற்கும்வரை மட்டும் திருப்பி விடுங்கள். பேட் தேயத் தேய இதை அவ்வப்போது செய்யாமல் கம்பியை மட்டும் இழுத்துக்கொண்டே போவதுதான் எல்லாரும் செய்வது. அப்படிச் செய்தால் ரோட்டர் ஒரு பக்கமாக வளைந்து வளைந்து தேயும்.

புதுப் பேட் முதல் நாளே பிடிக்காது. காலி ரோட்டில் 20 கி.மீ. வேகத்துக்குப் போய், சக்கரம் பூட்டாதபடி நடை வேகத்துக்குக் குறையுங்கள். முன்னுக்கு இருபது முறை, பின்னுக்கு இருபது முறை. பிறகு பிடி வரும். பேடில் உராயும் பொருள் 0.5 மி.மீ.க்கு வந்தால் மாற்றுங்கள். ரோட்டர் பொதுவாகப் புதிதில் 1.8 மி.மீ., 1.5க்கு வந்தால் அதற்கும் ஓய்வு.

செயின் தாவல்: எந்தப் பல்சக்கரத்தில் தாவுகிறது என்று முதலில் பாருங்கள். அதிகம் ஓட்டும் ஒன்றிரண்டில் மட்டும் என்றால் தேய்மானம். எல்லாவற்றிலும், ஒரே இடைவெளியில் தாவினால் எங்கோ ஒரு லிங்க் இறுகியிருக்கிறது. செயினைப் பின்பக்கமாக மெதுவாகச் சுற்றினால் டிரெயிலரின் (பின்னால் தொங்கி, செயினைப் பல்சக்கரம் மாற்றும் அமைப்பின்) சின்னச் சக்கரத்தில் அந்த லிங்க் மடங்காமல் எகிறுவது தெரியும்.

தேய்மானம் அளக்கக் கருவி வேண்டாம், இரும்பு ஸ்கேல் போதும். செயின் இழுத்துப் பிடித்திருக்கும்போது, லிங்க்குகளை இணைக்கும் ஒரு பின்னின் மையத்தில் சைபரை வையுங்கள். புதுச் செயினில் சரியாக 12 அங்குலத்தில், அதாவது 304.8 மி.மீ.யில், இன்னொரு பின்னின் மையம் வரும். அது 1/16 அங்குலம் தள்ளிப் போயிருந்தால், சுமார் 306.4 மி.மீ., செயினை மட்டும் மாற்றினால் தப்பித்தீர்கள். 1/8 அங்குலம், சுமார் 308 மி.மீ. என்றால் பல்சக்கரமும் அந்தத் தேய்ந்த செயினுக்கு ஏற்றபடி தேய்ந்திருக்கும்; புதுச் செயின் அதில் உட்காராது, இன்னும் மோசமாகத் தாவும். அளந்து சொல்லுங்கள்.

உப்புக்காத்து:

நன்றி அண்ணே, இருவருக்கும். சொன்னபடி பார்த்தேன். முதல் வண்டியில் இடது கிராங்க்தான் இறங்குகிறது. செயினை அளந்ததில் 1/8 அங்குலத்தைக் கொஞ்சம் தாண்டியே இருக்கிறது. பிள்ளை சைக்கிள் டியூபில் ஓட்டை எல்லாம் உள்பக்கம், அதாவது ரிம்மைப் பார்த்த பக்கம். மண்ணெண்ணெய் இங்கே கிடைப்பதில்லை, செயினை எதில் கழுவுவது?

ஏழாம் கியர்:

அப்படியென்றால் செயின், ஃப்ரீவீல் (பின்சக்கரத்துப் பல்சக்கரக் கொத்து) இரண்டும் மாற்ற வேண்டும். கடையில் கேட்க வேண்டியது: 7 கியர் மரை ஃப்ரீவீல் (21 கியர் என்றால் முன்னால் 3, பின்னால் 7), 6/7/8 கியர் செயின். ராடு பிரேக் வண்டிச் செயின் 1/8 அங்குல அகலம், இது 3/32. ஒன்று மற்றதற்கு ஆகாது. ஃப்ரீவீல் கழற்ற அதற்குரிய கருவி வேண்டும், பெரிய ஸ்பேனரும் வேண்டும், வருடக்கணக்காக மிதித்து இறுகியிருக்கும். இதை மட்டும் கடையில் கொடுங்கள். மாட்டும்போது மரையில் கிரீஸ் தடவச் சொல்லுங்கள், அடுத்த முறை கழல வேண்டும். புதுச் செயினைப் பழையதன் பக்கத்தில் தொங்கவிட்டு, லிங்க் எண்ணி வெட்ட வேண்டும், நீளத்தை அளந்து வெட்டினால் தேய்மானத்தில் நீண்ட பழசு ஏமாற்றிவிடும்.

ஃப்ரீவீல் மாற்றினால் கியரையும் ஒரு தடவை பிடிக்க வேண்டும். செயினைக் கடைசிச் சின்னப் பல்சக்கரத்தில் வைத்து, கியர் கம்பியைக் கழற்றிவிட்டு, டிரெயிலரில் ‘எச்’ என்று போட்டிருக்கும் திருகால் அதன் மேல் சக்கரத்தைச் சின்னப் பல்லுக்கு நேர் கீழே கொண்டுவாருங்கள். கையால் டிரெயிலரை உள்ளே தள்ளி, ‘எல்’ திருகால் பெரிய பல்லுக்கு நேராக நிறுத்துங்கள். ‘எல்’ தளர்ந்திருந்தால் செயின் பெரிய பல்லையும் தாண்டி ஸ்போக்ஸுக்குள் விழும். டிரெயிலரும் ஸ்போக்ஸ் கம்பிகளும் ஒரே நொடியில் போய்விடும், அதனால் இதில் அவசரம் கூடாது. பிறகு லீவரை 7இல் வைத்து, பீப்பாய்த் திருகை (கியர் கம்பியின் இழுப்பைக் கூட்டிக் குறைக்கும் திருகு) முழுக்க உள்ளே விட்டு ஒரு சுற்று வெளியே எடுத்து, கம்பியைத் தொய்வில்லாமல் இழுத்துக் கட்டுங்கள். பெரிய பல்லுக்கு ஏறத் தயங்கினால் பீப்பாயை இடமாக அரைச்சுற்று. இறங்கத் தயங்கினால் வலமாக. எவ்வளவு திருகினாலும் ஒரு பக்கம் சரியானால் மறுபக்கம் கெடுகிறது என்றால் டிரெயிலர் தொங்கும் காது வளைந்திருக்கிறது, அல்லது கம்பி உறைக்குள் துரு. வண்டியை வலப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்தால் அந்தக் காதுதான் முதலில் வளையும்.

கழுவ டீசல் போதும். பழைய பிளாஸ்டிக் பாட்டிலில் செயினைப் போட்டுக் குலுக்கி, தெளியவிட்டு, மறுபடி ஒருமுறை. நிழலில் நன்றாகக் காயவிட்டுத்தான் எண்ணெய். பெட்ரோல் வேண்டவே வேண்டாம். கழுவிய டீசலைச் சாக்கடையில் ஊற்றாமல், தெளிந்ததை அடுத்த தடவைக்கு வையுங்கள்.

வால்டியூப்:

பிள்ளை சைக்கிள் என் பக்கம்.

ஓட்டை ரிம் பக்கம் என்றால் முள்ளைத் தேட வேண்டாம். ரிம் டேப் (ரிம்மின் உள்பக்கத்தை மூடும் பட்டை) நகர்ந்திருக்கும், ஏதோ ஒரு நிப்பிள் (ஸ்போக்ஸ் கம்பியை ரிம்மில் பிடிக்கும் நட்டு) தலையோ கம்பி நுனியோ எட்டிப் பார்க்கும். டயரை எடுத்துவிட்டு ரிம்மின் உள்பக்கம் முழுக்கப் பஞ்சை உருட்டிப் பாருங்கள், மாட்டுகிற இடம்தான் குற்றவாளி. விரலால் தடவாதீர்கள். கம்பி நுனி நிப்பிளைத் தாண்டி நீண்டிருந்தால் அரத்தால் மட்டமாக்கி, புது ரிம் டேப் போடுங்கள். அவசரத்துக்குப் பழைய டியூபிலிருந்து அகலத்துக்கு வெட்டிய பட்டையும் வேலை செய்யும்.

மற்ற ஓட்டைகளுக்கும் இதே மாதிரி அடையாளம் உண்டு. டயர் பக்கம் ஒற்றை ஓட்டை என்றால் முள், உங்கள் ஊரில் என்றால் சீமைக் கருவேல முள். அதன் நுனி முறிந்து டயருக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, உள்ளேயிருந்து பஞ்சை ஓட்டினால்தான் பிடிபடும். அதை எடுக்காமல் ஒட்டுப் போட்டால் நாளைக்கே மறுபடி. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை என்றால் காற்று குறைவாக வைத்துப் பள்ளத்தில் இறக்கியது. வால்வின் அடியில் கிழிந்தாலும் காரணம் காற்றுக் குறைவுதான். டயர் ரிம்மில் நழுவி டியூபைச் சேர்த்து இழுக்கிறது. அந்த இடத்தில் ஒட்டு நிற்காது, டியூப் மாற்றுங்கள்.

ஒட்டுப் போடும்போது எல்லாரும் தப்பு செய்யும் இடம் ஒன்றே. சொல்யூஷன் ஈரமாக இருக்கும்போதே ஒட்டை வைத்துவிடுகிறார்கள். உப்புத்தாளால் ஒட்டை விடக் கொஞ்சம் அகலமாகத் தேய்த்து, தூசி துடைத்து, மெல்லிசாகத் தடவி, ஐந்து நிமிடமாவது காயவிடுங்கள். தொட்டால் விரலில் ஒட்டக் கூடாது. அப்போது வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தித் தேயுங்கள்.

காற்று அளவு டயரின் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும். பொதுவாக 28 x 1½ டயருக்கு 45, 50 பி.எஸ்.ஐ., 26 x 1.95க்கு 35 முதல் 50, ஓட்டுபவர் எடையைப் பொறுத்து. 20 அங்குலத்துக்குப் பிள்ளை எடைக்கு 30, 35 தாராளம். பெட்ரோல் பங்க் கம்ப்ரஸரில் சின்ன டயருக்கு அடிக்காதீர்கள், கண்ணிமைப்பதற்குள் ஏறி டயர் ரிம்மை விட்டுத் துள்ளிவிடும். கைப்பம்பே போதும்.

பிள்ளை வண்டியில் நான் முதலில் பார்ப்பது பஞ்சர் இல்லை, ஹேண்டில் முனைதான். கிரிப் கிழிந்து இரும்புக் குழாய் வெளியே தெரிந்தால் அன்றைக்கே மாற்றிவிட வேண்டும். விழுந்தால் வயிற்றில் குத்துவது அதுதான். அடுத்து சீட் தண்டு. பிள்ளை வளர வளர ஏற்றிக்கொண்டே போவோம், தண்டில் போட்டிருக்கும் கோடு வெளியே தெரிந்தால் அதற்கு மேல் ஏற்றக் கூடாது. ஹேண்டில் தண்டிலும் அதே கோடு உண்டு. பிரேக் லீவர் பிள்ளையின் விரலுக்கு எட்டுகிறதா என்று பாருங்கள், லீவரின் உள்பக்கம் ஒரு சின்னத் திருகு இருந்தால் அதை முறுக்கி ஹேண்டிலுக்கு நெருக்கலாம். செயின் நடுவில் அழுத்தினால் அரை அங்குலம் ஆடலாம், அதற்கு மேல் தொங்கினால் கழன்று விழும்.

கப்கோன்:

எண்ணெய்க் கேள்வி அப்படியே நிற்கிறதே. என் வாக்கு: ராடு பிரேக் வண்டிக்குப் புது 20W-40 இன்ஜின் ஆயிலே போதும். செயினுக்கும் ஹப்புக்கும் அதே. பழைய ஹப்பின் நடுவில் ஒரு வளையக் கிளிப் இருக்கும், தள்ளினால் எண்ணெய் ஓட்டை. மாதம் நாலு சொட்டு. அதற்கு மேல் விட்டால் ஸ்போக்ஸ் கம்பி வழியாக ரிம்முக்கு ஓடி பிரேக் கட்டை வழுக்கும்.

ஏழாம் கியர்:

ஹப்புக்கு ஒத்துக்கொள்கிறேன். கியர் செயினுக்கு அது தடிமன், உங்கள் ஊர் மணல் எல்லாம் அதில் ஒட்டி அரைக்கும். சைக்கிள் செயின் எண்ணெய் சின்னப் பாட்டில் வாங்கினால் ஒரு வருடம் வரும். மழைக்காலத்துக்கு ஈரத்துக்கான வகை. கிடைக்காவிட்டால் உங்கள் இன்ஜின் ஆயிலையே விடலாம், ஆனால் ரோலருக்கு (லிங்க்குக்கு நடுவே பின்னின் மேல் உருளும் சின்னக் குழலுக்கு) ஒரு சொட்டு மட்டும். செயினின் உள்பக்கம், கீழ் வரிசையில் விட்டு, கால் மணி நேரம் ஊறவைத்து, வெளியே இருப்பதைத் துணியால் வறண்டுபோகும்படி துடைத்துவிட வேண்டும். எண்ணெய் வேலை செய்வது பின்னுக்கும் ரோலருக்கும் இடையில். வெளியே பளபளப்பது மண் பிடிக்க மட்டும்தான். தையல் மெஷின் எண்ணெய் வெயில்காலத்துக்கு ஆகும், ஒரு மழையில் போய்விடும்.

பழைய இன்ஜின் ஆயில் எந்த வண்டிக்கும் வேண்டாம். இன்ஜினிலிருந்து வந்த இரும்புத் துகளும் கரியும் அதிலேயே மிதக்கிறது. தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரிக்குக் கீழே உறையும், நாள்பட்டால் கெட்டுப் பிசினாகும். தலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வால்டியூப்:

கடற்கரை வீட்டுக்கு எண்ணெயை விடத் தண்ணீர் முக்கியம். உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டு உட்காரும், அதன் மேலேயே எண்ணெய் பூசினால் அடியில் துரு தொடரும். வாரம் ஒருமுறை ஒரு வாளி நல்ல தண்ணீர், மக்கால் ஊற்றிக் கழுவித் துடைத்து, பிறகு எண்ணெய்த் துணியால் ரிம், கம்பி, நட்டு, போல்ட்டைத் தடவுங்கள். டிஸ்க் வண்டியில் அந்தத் துணி ரோட்டர் பக்கமே போகக் கூடாது, ராடு பிரேக்கில் ரிம்மின் உள்முகத்தைத் தொடக் கூடாது, பிள்ளை வண்டியில் கட்டை ரிம்மின் பக்கவாட்டில் பிடித்தால் அந்தப் பக்கத்தைத் தொடக் கூடாது. வாட்டர் சர்வீஸில் பீய்ச்சி அடிக்கக் கொடுக்காதீர்கள், ஹப்புக்குள் தண்ணீர் ஏறி கிரீஸைத் தள்ளிவிடும்.

இன்னொன்று, சீட் தண்டு. வருடம் ஒருமுறை உருவி, துடைத்து, கிரீஸ் தடவி இறக்குங்கள். இரும்பு ஃபிரேமில் அலுமினியத் தண்டு என்றால் உப்புக் காற்றில் இரண்டும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் ஃபிரேமை அறுத்தாலொழிய வராது. மழையில் சீட் தண்டு வழியாக இறங்கும் தண்ணீர் பிபியில்தான் தேங்கும், அடியில் வடிகால் ஓட்டை இருந்தால் குச்சி விட்டு அடைப்பை எடுத்து வையுங்கள்.

உப்புக்காத்து:

கடைசியாக ஒன்று. கியர் வண்டிக்கு ‘26 அங்குல டயர்’ என்று கேட்டு வாங்கியது ரிம்மில் ஏறவே இல்லை. டயர் கோளாறா?

வால்டியூப்:

டயரில் கோளாறு இல்லை. 26 x 1⅜ கொடுத்திருப்பார்கள், அதன் ரிம் விட்டம் 590 மி.மீ. உங்களுடையது 26 x 1.95, அது 559. 31 மி.மீ. வித்தியாசம், எந்தக் காலத்திலும் பொருந்தாது. அங்குலத்தை விட்டுவிட்டு, பழைய டயரின் பக்கத்தில் ‘50-559’ போல ஒரு எண் இருக்கும், அதைக் காட்டிக் கேளுங்கள். முதல் எண் டயர் அகலம், கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். இரண்டாவது எண் அப்படியே இருக்க வேண்டும். ராடு பிரேக்கின் 28 x 1½க்கு 635. பிள்ளை வண்டிக்குப் பெரும்பாலும் 406, ஆனால் 20 x 1⅜ என்று போட்டிருந்தால் 451, அதையும் பார்த்து வாங்குங்கள்.